வெறுங்குழி

கம்பெனி ஆண்டுக்கு ஒருமுறை தரும் ஞாயிறு அது.
நீலச் சட்டையோடுதான் வரவேண்டும் என்று
கலியமூர்த்தி வாட்ஸ்அப்பில் மூன்று முறை போட்டிருந்தார்.
பத்து மாவுங் தாண்டி, கடலைப் பார்த்த குன்றின் அடியில்
பேருந்து எங்களைக் கொட்டியது,
இரவு ஷிப்ட் முடித்த கண்களோடு.

டிக்கெட் சன்னலில் இரண்டு விலை.
உள்ளூர்க்காரருக்குப் பத்து வெள்ளி,
வெளிநாட்டவருக்கு இருபத்தைந்து.
ஒரே சட்டை, ஒரே பெல்ட்டில் அடுத்தடுத்த நாற்காலி;
லீல குருங் மட்டும் பணப்பையை
இரண்டாம் முறை திறந்தான்.
கலியமூர்த்தி தன் கைபேசியை மிக அக்கறையாகப் படித்தார்.
நான் செருப்பு வாரைச் சரிசெய்தேன் என்பதையும்
இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் சதுப்பு.
பக்காவ் மரங்கள் புடவையை முழங்கால்வரை செருகிக்கொண்டு
சேற்றில் இறங்கியவர்கள் மாதிரி நின்றன.
பலகைப் பாதை ஆடியது.
அழுகிய முட்டையும் உப்பும் கலந்த நாற்றம்.
சுவி லான் மூக்கைப் பொத்திக்கொண்டே எண்ணினாள்:
பெலாச்சாக் மீன் பதினேழு.
கண்ணைத் தலைமேல் வைத்துக்கொண்டு
மண்ணில் நடக்கிற மீன்.
அதற்கு எந்த விலை போட்டார்கள் என்று லீல கேட்டான்.
சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
சிரித்தோம்.

பிறகு பண்பாட்டு வீடு.
வார்னிஷ் வாசனை இன்னும் போகாத பழமை.
காற்றாடி சுழலும் மூலையில் ஒரு சொங்காக் பலகை.
"பல்லாங்குழி, எங்களுடையது" என்றேன்.
"எங்களுடையது" என்றாள் ரொஸ்மாவாத்தி.
உட்கார்ந்து ஆடித்தான் தீர்க்கவேண்டியிருந்தது.
அவள் ஒவ்வொரு சுற்றிலும்
முனையில் இருந்த பெருங்குழியில்
ஒரு சோழியைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.
அது என்ன?
"ரூமா. வீடு. முதலில் வீட்டுக்கு ஒன்று."
எங்கள் பலகையில் அப்படி ஒரு குழி கிடையாது.
அள்ளுவோம், போட்டுக்கொண்டே போவோம்,
கை தீர்ந்து வெறுங்குழி எதிர்ப்பட்டால்
அதை உள்ளங்கையால் தடவி
அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்வோம்.
"அடுத்ததும் வெறுமையாக இருந்தால்?"
ஆட்டம் கைமாறும்.
கஷ்டமான விதி என்றாள்.
அவள்தான் ஜெயித்தாள்.
லீல அப்போது வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

உச்சி வெயிலில் குன்று ஏறினோம்.
சுரங்கத்தில் வௌவால் மூத்திரம்.
மேலே பீரங்கி இல்லை,
பீரங்கி இருந்த இடம் இருந்தது:
வட்டமாய் ஒரு சிமிண்டுக் குழி,
விளிம்பில் துருவேறிய போல்ட்டுகள்,
நடுவில் கொஞ்சம் மழைநீர், ஒரு ஐஸ்கிரீம் குச்சி.
வாயைக் கடல் பக்கம் வைத்துக் காத்திருந்தார்களாம்.
வந்தவர்கள் முதுகுப் பக்கமாக வந்தார்களாம்.
வழிகாட்டி இதைச் சிரிப்பு வரும் இடமாகப் பழகி வைத்திருந்தார்.
யாருடைய முதுகு என்று சொல்லவில்லை.

லீல உடைந்த மலாயில் சொன்னான்:
எங்கள் மலையில் வெளிநாடு போகிறவனுக்கு
லாகுரே என்று பேர்.
துப்பாக்கி தூக்கப் போனாலும் லாகுரே,
உன் பக்கத்தில் உட்கார்ந்து சிப்பு பொறுக்கினாலும் லாகுரே.
எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு
மலாயாக்காரன் வீடு என்றே பேர்.
திரும்பி வந்தானா? என்றேன்.
வீட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்றான்.

குழுப்படத்துக்கு எல்லோரும் குழிக்குள் இறங்கினோம்.
நாற்பது நீலச் சட்டை, நாற்பது கட்டைவிரல்.
எல்லோரும் ஏறிய பிறகும் அவன் உள்ளே நின்றான்.
குனிந்து, தண்ணீரை ஒதுக்கி,
உள்ளங்கையால் சிமிண்டைத் தடவினான்.
அவனுக்கு எங்கள் ஆட்டம் தெரியாது.
என் கண்தான், கேட்காமல்,
அடுத்த குழியைத் தேடிப் போயிற்று:
கீழே பாயான் லெப்பாஸ், கூரை கூரையாக,
ஏதோ ஒன்றின் கீழ் எங்கள் இரண்டு நாற்காலிகள்.

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
பேருந்து எத்தனை மணிக்கு என்றான்.

அந்தப் பதினைந்து வெள்ளியை நான் கொடுக்கவில்லை.
கொடுத்திருந்தால் வாங்கியிருக்கமாட்டான்
என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருக்கிறது.